படிப்பக ஆண்டறிக்கை 2023-24: நாலு நாள் நெட் ஏன் படுத்துச்சு

எல்லாருக்கும் வணக்கம். செயலாளரா இது என்னோட ரெண்டாவது அறிக்கை. பொங்கல் விளையாட்டுப் போட்டி, ரத்ததான முகாம், பசங்களுக்கு நோட்டு குடுத்தது எல்லாம் வழக்கம்போல நல்லபடியா முடிஞ்சுது. எல்லாரும் என்ன புடிச்சு கேக்குறது நெட் விஷயம் தான், அதனால அத கொஞ்சம் விலாவாரியா சொல்லிடுறேன்.

ஃபைபர் அடிக்கடி புட்டுக்குதுன்னு போன பொதுக்குழுல இன்னொரு லைன் வாங்க தீர்மானம் போட்டோம்ல, ரெண்டு லைனையும் எட்டு சிஸ்டத்துக்கும் பிரிச்சு குடுக்க தனி ரவுட்டர் எதுக்குன்னு பரண்ல கெடந்த பழைய டெஸ்க்டாப்ப எறக்கி தொடச்சு டெபியன்ங்குற லினக்ஸ் போட்டோம். போர்டுலயே ஒரு நெட் போர்ட் இருக்கு, கூட ரெண்டு நெட் கார்டு வாங்கி சொருவுனது. ரெண்டு வெளி லைனுக்கு, ஒண்ணு உள்ள இருக்குற ஸ்விட்ச்சுக்கு.

மொத கூத்து, ரெண்டு மோடத்துக்கும் 192.168.1.1-ன்னு ஒரே ஐபி அட்ரஸ். ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் மாதிரி, ஒரு கார்டு வழியா தான் எல்லாம் போச்சு, இன்னொண்ணு சும்மா லைட்டு எரிஞ்சுட்டு இருந்துச்சு. ரெண்டாவது மோடத்த 192.168.2.1, உள் நெட்வொர்க்க 192.168.10-ன்னு மாத்துனதும் சரியாச்சு. அப்புறம் வெளி லைன் ரெண்டுக்கும் கேட்வே, அதாவது வெளிய போற வாசல் எதுன்னு சொல்ற வரிய, ஒரே மாதிரி எழுதிட்டேன், தப்பு என்னுது தான், ரெண்டாவது லைன் ஏறும்போது 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்'னு, ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு திட்டுச்சு. ஃபைபருக்கு மெட்ரிக்னு சொல்ற முன்னுரிமை நம்பர் 100, மத்ததுக்கு 200 குடுத்தோம், நம்பர் கம்மியா இருக்குறது தான் மொதல்ல போகும்.

பெரிய தலைவலி, சிஸ்டம் ஒவ்வொரு நெட் போர்ட்டுக்கும் வைக்குற பேரு தான். முன்ன ஈத்0, ஈத்1னு இருந்துச்சு, ரீபூட்ல எது எதுவா மாறும்னே தெரியாது. 2013-லேந்து சிஸ்டம்டிங்குற லினக்ஸ் புரோகிராம் ஈஎன்பி2எஸ்0னு பஸ் நம்பர, அதாவது போர்டுல எந்த எடத்துல இருக்குங்குறத வச்சு பேரு வைக்குது, மாறவே மாறாதுன்னு நம்பி இருந்தேன். வாங்குனதுல ரெண்டாவது கார்ட சொருவுனதும் போர்டுல இருந்த போர்ட்டோட பஸ் நம்பரே தள்ளிப்போய் ஈஎன்பி3எஸ்0 ஆயிடுச்சு! ஃபைல்ல பழைய பேரு, நெட் அவுட். மூணாவது தெரு தம்பி தான் வந்து ஒவ்வொரு வயரா புடுங்கி டிமெஸ்ஜிங்குற சிஸ்டம் பதிவுல எதுக்கு 'லிங்க் டவுன்' வருதுன்னு பாத்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியா இருக்குற மேக் அட்ரஸ் வச்சு வெளி1, வெளி2, உள்னு நம்மளே பேரு வச்சுட்டான், பின்னாடி பிளாஸ்டர்லயும் எழுதி ஒட்டியாச்சு.

எல்லாம் முடிஞ்சுதுன்னு டீ சாப்புட்டு வந்தா கரண்ட் போய் வந்துருக்கு, திரும்ப ஒரு சிஸ்டத்துலயும் நெட் இல்ல. ஒரு லைன்லேந்து இன்னொண்ணுக்கு டேட்டாவ கடத்தி விடுற ஐபி ஃபார்வர்ட கமாண்ட்ல மட்டும் போட்டு, ரீபூட்டுக்கு அப்புறமும் நிக்குற மாதிரி சிஸ்சிடிஎல் ஃபைல்ல எழுதாம விட்டுருந்தோம். நாலாவது நாள் அதுல தான் போச்சு.

ஒண்ணு பாக்கி இருக்கு. மோடம் லைட்டு எரிஞ்சுகிட்டே லைன் மட்டும் செத்தா சிஸ்டத்துக்கு தெரியாது, அதுவா அடுத்த லைனுக்கு மாறாது. நிமிஷத்துக்கு ஒரு தடவ பிங் பண்ணி, அதாவது வெளிய பதில் வருதான்னு பாத்து, லைன மாத்துற ஸ்கிரிப்ட் தம்பி எழுதிட்டு இருக்கான், பரீட்சை முடியட்டும்னு கேட்டுருக்கான். அதுவரைக்கும் நெட் போனா எனக்கு போன் பண்ணுங்க, வயர தொடாதீங்க. கார்டு வாங்குன பில்லெல்லாம் பொருளாளர் அண்ணன்கிட்ட இருக்கு, அடுத்து கணக்கு அவர் வாசிப்பார்.