திண்ணைக்கு வந்த ‘ஹெட்ஜ் ஃபண்ட்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அந்நிய முதலீட்டாளர்கள் பங்குகளை விற்றுத் தள்ளும் நாட்களில், தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ‘ஹெட்ஜ் ஃபண்ட்’ என்ற சொல் விளக்கம் ஏதுமின்றி அடிபடுகிறது. அந்தச் சொல் இப்போது பாளையங்கோட்டைத் தெருக்களுக்கும் வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்த ஓர் இளைஞர், ஓய்வூதியப் பணத்தில் 2 லட்சம் ரூபாயை ‘ஹெட்ஜ் ஃபண்டில்’ போட்டால் மாதம் 3 சதவீதம் நிச்சயம் என்றும், ‘ஹெட்ஜ்’ என்றால் வேலி, ஆகவே முதலுக்கு மோசமில்லை என்றும் சொன்னார். அவர் நீட்டிய வழவழப்பான நோட்டீஸில் பதிவு எண் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதே நோட்டீஸை நம்பிப் பணம் கட்டினார். இரண்டு மாதம் வட்டி வந்தது, இப்போது அழைத்தால் எடுப்பவர் இல்லை.

வேலி என்ற பொருள் தவறில்லை. 1949இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் தொடங்கிய இத்தகைய முதலீட்டு நிதி, ஏறும் என்று நம்பிய பங்குகளை வாங்கியதோடு, இறங்கும் என்று கருதிய பங்குகளை இரவல் பெற்று விற்று, விலை இறங்கியபின் வாங்கித் திருப்பித் தரவும் செய்தது. சந்தை மொத்தமும் சரிந்தால் ஒரு பக்க நட்டத்தை மறுபக்க லாபம் ஓரளவு ஈடுகட்டும். ஆனி, ஆடிக் காற்றுக்கு முன் நம் பக்கத்தில் வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் போன்றது இது. முட்டுக் கொடுத்த வாழை சாயவே சாயாது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். நாளடைவில், முட்டே இல்லாமல் பெருங்கடன் வாங்கிச் சந்தையில் இறங்கும் நிதிகளுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் இருவர் பங்குதாரர்களாக இருந்த ‘எல்.டி.சி.எம்.’ என்ற நிதி 1998இல் கவிழ்ந்தபோது, அதைத் தாங்கிப் பிடிக்க 14 நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் போட வேண்டியிருந்தது.

நம் நாட்டில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, ஹெட்ஜ் ஃபண்டுகள் மாற்று முதலீட்டு நிதிகளில் மூன்றாம் வகையில் அடங்குகின்றன. சில விலக்குகள் நீங்கலாக, ஒருவர் குறைந்தது 1 கோடி ரூபாய் போட்டாக வேண்டும். பொதுமக்களை அழைத்துப் பணம் திரட்ட அனுமதியில்லை. ஆகவே 2 லட்சத்துக்கு வீடு வீடாக விற்கப்படுவது வேறு எதுவாக இருந்தாலும் ஹெட்ஜ் ஃபண்ட் அல்ல.

இச்சொல்லை அச்சிடும்போதெல்லாம் அந்த 1 கோடி ரூபாய் வரம்பையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆசிரியை காலையில் முதலில் பிரிப்பது தங்கள் நாளிதழைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை