இரவில் சாவி உள்ளே இருக்கட்டும்

பெங்களூரு கலாசிபாளையம், காட்டன்பேட்டை, சிக்பேட்டை பகுதிகளில் மலிவு விடுதி நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்குத் தமிழ் தெரியும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். என் ஊர் தர்மபுரிப் பக்கம். எங்களைப் போன்றவர்கள் எதற்காக வந்து தங்குகிறோம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கையில் ஸ்கேன் கவரைப் பார்த்ததுமே, பெயரைக் கேட்பதற்கு முன்னால், "எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்றுதான் உங்கள் மேனேஜர்கள் கேட்கிறார்கள்.

என் அம்மாவுக்கு வாய்ப்புற்று. கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சை. வாரத்துக்கு 5 நாள், மொத்தம் ஆறு வாரம். ஓசூர் சாலையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுக்க எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பேட்டையில் பெண்கள் டார்மிட்டரியில் இரண்டு கட்டில் நாளைக்கு 600 ரூபாய்க்குக் கிடைத்தது. மார்க்கெட்டில் பஸ் ஏறினால் போய்விடலாம். இரவில் ஏதாவது ஆனால் விக்டோரியா ஆஸ்பத்திரி பத்து நிமிட நடைதான். அந்தத் தைரியத்தில்தான் அங்கே தங்கினேன்.

போன மாதம் ஒரு நாள் இரவு இரண்டே கால் மணிக்கு அம்மா என் தோளைத் தட்டி எழுப்பினார். பேச முடியவில்லை. வாயில் வைத்திருந்த துண்டு முழுக்க ரத்தம். பக்கத்துக் கட்டிலில் இருந்த சேலத்து அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறக்கினோம். கீழே வந்து பார்த்தால் ஷட்டர் இறக்கி வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. சுவரில் எழுதியிருந்த நம்பருக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். இரவுக் காவலுக்கு இருந்த பையன், அதே முதலாளியின் இன்னொரு விடுதியில் தூங்கப் போயிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. சாவி அவன் இடுப்பில்.

தட்டினோம். கத்தினோம். மேலே இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள், ஆனால் அவர்களும் உள்ளேதானே இருக்கிறார்கள். ஷட்டர் தரையில் முழுசாகப் படியாமல் கீழே நான்கு விரல் இடைவெளி இருந்தது. நான் தரையில் படுத்து அது வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். தெரு விளக்கில் கால்கள் தெரிந்தன. மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை தூக்கிப் போகிறவர்களின் கால்கள். இரண்டு மூன்று பேர் கவனிக்காமலே போனார்கள். அப்புறம் ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். எனக்குக் கன்னடம் தெரியாது. "அம்மா, ரத்தம்" என்றேன். புரிந்துகொண்டு ஓடினார். அக்கம்பக்கத்தில் விசாரித்து அந்தப் பையனைக் கண்டுபிடித்து அழைத்து வந்து பூட்டைத் திறக்கும்போது மணி மூன்று. அதுவரை அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து, துண்டு நனைந்து போனதால் தன் சேலைத் தலைப்பையே வாயில் அழுத்திக்கொண்டிருந்தார்.

விக்டோரியாவில் டியூட்டி டாக்டர் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தினார். அம்மா பிழைத்துவிட்டார். அதனால்தான் இந்த மடலை என்னால் மரியாதையோடு எழுத முடிகிறது.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். "பாதுகாப்புக்குத்தானேம்மா பூட்டுறோம், லேடீஸ் தங்குற இடமாச்சே" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அம்மாவுக்குக் கஞ்சி வைக்க அடுப்பு கொடுத்தவர் அவர்தான். ஆனால் அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உள்ளே இருக்கும் எங்களால் திறக்க முடியாத பூட்டு எங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. திருட்டுப் பயம் இருந்தால் உள்பக்கம் பூட்டுங்கள். சாவியை மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டுங்கள். அல்லது சாவியோடு ஓர் ஆள் வாசலிலேயே படுக்கட்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்: இரவில் சாவி கட்டிடத்துக்குள் இருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு நடந்தது ஒருவருடைய அவசரம். தீ என்றால் அத்தனை பேருக்கும். 2018 ஜனவரியில் உங்கள் கலாசிபாளையத்திலேயே ஒரு மதுக்கூடத்தில் தீப்பிடித்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010 பிப்ரவரியில் பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டிடம் எரிந்தபோது 9 பேர் இறந்துபோனார்கள். இதையெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், உங்கள் ஊரில் நடந்தவை. வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமலே திறக்க முடிய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்கிறது. நான் அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. சாவியாவது உள்ளே இருக்கட்டும் என்கிறேன். எங்கள் டார்மிட்டரியில் மட்டும் 12 கட்டில். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. படிக்கட்டு ஒன்றே ஒன்று, அதிலும் பாதியை அடைத்துப் பழைய மெத்தைகள் அடுக்கியிருக்கிறது.

எழுத ஆரம்பித்தால் மற்றதெல்லாமும் வருகிறது. ஒரு வாளி வெந்நீருக்கு 20 ரூபாய். போன் சார்ஜ் போட 10 ரூபாய். மூட்டைப்பூச்சி. கதிர்வீச்சுக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வர மதியம் ஒரு மணி ஆனால், 'பன்னிரண்டுக்குக் காலி செய்யவில்லை' என்று இன்னொரு நாள் வாடகை. ஆறு வாரம் தங்குகிறவர்களிடம் தினமும் காலி செய்யும் நேரம் பார்ப்பது என்ன நியாயம்? நோயாளியை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று பல நாள் மனசு எரிந்திருக்கிறது. மன்னிக்கவும், இதற்காக நான் எழுத உட்காரவில்லை. இத்தனையையும் பொறுத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் தங்கினோம், இனியும் பொறுத்துக்கொள்வோம். பூட்டை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியாது.

ராத்திரி ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டாது என்று சிலர் சொல்லலாம். ஆணிக்கும் மாற்றுச் சாவிக்கும் என்ன செலவாகும்? அதுவும் முடியாது என்றால் கட்டிலுக்கு 10 ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம். சேலத்து அக்காவிடமும் கேட்டுவிட்டேன், அவரும் தருவதாகச் சொன்னார்.

உங்களுக்குள் சங்கம், கூட்டம் எதுவாக இருந்தாலும், அடுத்த முறை கூடும்போது தயவுசெய்து இதைப் பேசுங்கள். ஒரே ஒரு விடுதியில் மாறினால் போதாது. எந்த விடுதியில் கட்டில் காலியாக இருக்கிறதோ அங்கேதான் எங்களால் தங்க முடியும்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்து வருகிறேன். முதல் நாள் இரவே வந்துவிடுவோம். எங்களுக்கு வேறு இடம் இல்லை, உங்களிடம்தான் வருவோம். மேலே ஏறுவதற்கு முன்னால் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்பேன். கோபித்துக்கொள்ளாமல், மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆணியைக் காட்டுங்கள் ஐயா.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, 7ஆம் எண் கட்டிலில் இருந்தவள்