சான் மாலோவில் கடல் வைத்ததுதான் நேரம்

அன்புள்ள கோமதி,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை இவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் அவ்வளவு நிம்மதி.

இங்கே மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததும், "நீங்கள் ரெண்டு பேரும் எங்காவது போய்வாருங்கள்" என்று மருமகள் டிக்கெட்டே போட்டுக் கொடுத்துவிட்டாள். பாரிஸிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, சான் மாலோ வந்துவிட்டது. பிரான்ஸின் வடமேற்கே உள்ள பிரிட்டானி கடற்கரையில், சுற்றிலும் கருங்கல் மதில் வைத்த ஊர். மதில்மேல் ஏறி ஊரை முழுக்கச் சுற்றிவரலாம். ஒரு பக்கம் வீட்டுக் கூரைகள், மறுபக்கம் கடல். 1944 ஆகஸ்டில் போரில் இந்த ஊரின் பெரும்பகுதி எரிந்து இடிந்துபோனதாம். பழைய சாயல் கெடாமல் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு ஒவ்வொரு சுவரையும் நின்று பார்த்தேன். 1746ல் நம் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே பிறந்த ஊரும் இதுதான்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது அந்தக் கடல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் நீர்மட்டத்தில் பன்னிரண்டு மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வருமாம். காலையில் மதிலில் மோதிய தண்ணீர் மதியம் எங்கேயோ தள்ளிப் போய்விடுகிறது. வற்றும்போது கிராண்ட் பே என்ற சின்னத் தீவுக்கு நடந்தே போகலாம். சத்தோபிரியான் என்ற எழுத்தாளரின் சமாதி அங்கே இருக்கிறது. கல்லில் பேர்கூட இல்லை, ஒரு சிலுவை, எதிரே கடல், அவ்வளவுதான். நேரம் தவறினால் திரும்பும் வழி மூழ்கிவிடும். அதனால் கடல் அட்டவணையைப் பார்த்துத்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். இவர் அதை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

சாப்பாட்டுக்கும் அதே கடல்தான் மூலம். பக்கத்தில் கான்கால் என்று ஒரு ஊர், சிப்பிக்குப் பேர்போனது. தண்ணீர் வற்றியதும் சிப்பி வளர்க்கும் வரிசைகள் வெளியே தெரிகின்றன. டிராக்டரில் போய் வேலை செய்கிறார்கள். துறைமுகத்து ஓரக் கடைகளில் நம் கண்ணெதிரே சிப்பியைத் திறந்து, எலுமிச்சம்பழத்தோடு தட்டில் வைத்துத் தருகிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து பச்சையாகவே சாப்பிட்டோம். முதல் வாயில் வெறும் கடல் உப்பு, அப்புறம் மெல்ல ஒரு இனிப்பு. ஓட்டைக் கீழே கரையில் போட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மீன் என்றால் உயிரை விடுவாயே, அன்று முழுக்க உன் நினைப்புதான்.

இரவில் கலெத். கோதுமையே இல்லாமல் பக்வீட் என்ற வேறொரு தானிய மாவில் வார்ப்பது, நம் முறுகல் தோசை போல. நடுவில் முட்டையும் சீஸும் வைத்து நாலு பக்கமும் மடித்துத் தருவார்கள். கூடவே கிண்ணத்தில் ஆப்பிள் சைடர். இந்தப் பகுதியில் வெண்ணெய் என்றாலே உப்புப் போட்டதுதான். மன்னர் காலத்தில் பிரான்ஸின் மற்ற இடங்களில் கொடுமையாக இருந்த உப்பு வரி பிரிட்டானிக்கு இல்லாததால் வந்த பழக்கமாம். அந்த வெண்ணெயும் சர்க்கரையும் அடுக்கிச் சுடும் குயின் அமான் என்ற பலகாரத்துக்காகவே திரும்பப் போகலாம்.

கடல் நடுவே பாறைத் தீவின்மேல் பழைய மடாலயம் நிற்கும் மோன் சான் மிஷேலும் பார்த்தோம். அழகுதான், கூட்டம் தாங்கவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பொழுதையும் கான்காலில் கழித்திருக்கலாம்.

அடுத்த வருஷம் அண்ணாவும் நீயும் கட்டாயம் வர வேண்டும். பௌர்ணமியை ஒட்டி நாள் பார்த்துச் சொல், ரயில், தங்குமிடம் எல்லாம் மகன் பார்த்துக்கொள்வான். கீதாவின் வேலை மாற்றம் என்ன ஆயிற்று? பெங்களூரா, சென்னையா? உடனே எழுது.

அன்புடன்,
வசந்தி