பாலிஷ் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்த வெள்ளி மைக்கூடு

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவை

பொருள்: பழுதுபார்க்கத் தந்த வெள்ளி மைக்கூடு பாழாகித் திரும்பியதும், கண்ணாடிக் குப்பி ஒன்று காணாமற்போனதும் தொடர்பாக.

ஐயா,

சென்ற மாதம் 12-ஆம் தேதி எங்கள் குடும்பத்து வெள்ளி மைக்கூட்டைத் தங்கள் கடையில் கொடுத்தேன். பேனா கிடத்தப் பள்ளம் வைத்த ஒரு தட்டு, இருபுறமும் மூடி போட்ட இரண்டு கூடுகள். ஒரு மூடியின் கீல் ஆடியது. அதை மட்டும் சரிசெய்யக் கேட்டேன். "பாலிஷ் வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்கினேன். நகல் இணைத்துள்ளேன்.

திரும்பி வந்ததோ புது எவர்சில்வர் டம்ளர்போல மின்னுகிறது. கீல் இன்னமும் ஆடுகிறது.

கொள்ளுத்தாத்தா காலத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் 'பி. ஓர் அண்ட் சன்ஸ்' என்ற கடையார் செய்து கொடுத்தது அது. தெய்வ உருவங்களைப் புடைப்பாக அடித்தெடுத்த, வெள்ளைக்காரர்கள் 'சுவாமி' வேலை என்று அழைத்த வகை. காற்றிலுள்ள கந்தகம் பட்டுப் பட்டு வெள்ளியின் பள்ளங்களில் தங்கும் கருமைதான் அந்த உருவங்களை எடுத்துக் காட்டும். அதை அழுக்கு என்று நினைத்துத் தங்கள் ஆட்கள் கரைசலில் முக்கியிருக்கிறார்கள். அதுவும் போதாதென்று பாலிஷ் சக்கரத்திலும் பிடித்திருக்கிறார்கள். குழலூதும் கண்ணனுக்கு இப்போது மூக்கு இல்லை.

அடிப்பக்கத்தைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. இங்கிலாந்தில் இருந்ததுபோல அக்காலத்தில் இங்கே வெள்ளிக்கு அரசு முத்திரை கிடையாது. செய்தவர் குத்திய பெயர்தான் சான்று. அந்தப் பெயர் விரலால் தடவினால்கூடத் தட்டுப்படவில்லை. அதே இடத்தில் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று காட்டும் '925' குறியைப் புதிதாகப் பொறித்து, "இலவசச் சேவை" என்று சீட்டு வேறு கட்டியிருக்கிறீர்கள்.

இடப்பக்கக் கூட்டுக்குள் இருந்த கண்ணாடிக் குப்பியைக் காணோம். அன்னபேதி என்ற இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்ந்த பழைய மை வெள்ளியை அரித்துவிடும் என்பதற்காகத்தான் உள்ளே கண்ணாடி வைத்தார்கள். தாங்கள் பதிலுக்கு வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அந்தக் குப்பியின் அடியில் காய்ந்த மை ஒட்டியிருந்தது. தாத்தா கடைசியாகக் கிஸ்தி ரசீதுகளில் கையெழுத்திட்ட மை அது. அப்பா அதை யாரையும் கழுவவிட்டதில்லை. ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதுகூட அந்தப் பக்கம் மூடியைத் திறக்கமாட்டோம்.

தொலைபேசியில் பேசிய தங்கள் அலுவலர், "எடை 11 கிராம்தானே குறைந்திருக்கிறது, இன்றைய வெள்ளி விலைக்குக் கூப்பன் தருகிறோம்" என்றார். நான் விற்க வரவில்லை, ஐயா. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி எங்கள் ஜமீனை எடுத்துக்கொண்ட சர்க்கார்கூட அறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் எடுத்தது.

என்ன கரைசலில், எவ்வளவு நேரம் முக்கினீர்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். இனி இதைக் கையாளப்போகும் நிபுணருக்கு அது தேவை. வாங்கிய கூலியைத் திருப்பித் தந்து, ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடும் தர வேண்டும். மறுபடி சரிசெய்து தருகிறோம் என்று ஆள் அனுப்ப வேண்டாம், கொடுக்கமாட்டேன். 15 நாளில் பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் மனு செய்வேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தங்கள் பட்டறையில் அந்தக் குப்பியைத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் கழுவாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இணைத்துள்ள ரசீதில் பெயர் உள்ள வாடிக்கையாளர்