நீ அனுப்பிய வைஃபை அறிக்கை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் கேட்டபடி உன் மடிக்கணினியிலிருந்து எடுத்து அனுப்பிய வைஃபை அறிக்கையும், அதனுடன் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வந்து சேர்ந்தன. "ரிட்டயர் ஆன பிறகும் ஆபீஸ் வேலையா அம்மா" என்ற ஒரு வரியைத் தவிர நீ வேறெதுவும் எழுதவில்லை. இருக்கட்டும். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே திரையில் உன் முகம் அசையாமல் நின்றுவிடுவதும், "நெட் ஸ்லோ, அப்புறம் பேசுகிறேன்" என்று நீ வைத்துவிடுவதும் வாடிக்கையாகிவிட்டதால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டில் சேனல் 6, சிக்னல் 62 சதவீதம், வேகம் 72.2 மெகாபிட் என்று இருக்கிறது. சேனல் 6 என்றதுமே நீ 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருப்பது தெரிந்துவிட்டது. அது சுவர்களைத் தாண்டிப் போகும், சரி. ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான் என்பதால், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன, போதாக்குறைக்கு புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இயங்குகின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், சுவர்கள் குறுக்கிட்டால் மட்டும் அது சீக்கிரம் வலுவிழந்துவிடும். உன் ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் தருவதால் எதில் சேர்வது என்பதை மடிக்கணினியே முடிவு செய்துகொள்கிறது. நீ கோடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் அது 2.4-ஐத்தான் பிடித்துக்கொள்ளும். ரவுட்டர் அமைப்புக்குள் போய் 5-க்குத் தனிப் பெயர் வைத்து அதில் சேர். முடிந்தால் ஹாலில் வந்து உட்கார். எந்நேரமும் அந்த அறைக்குள்ளேயே ஏன் இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, சிக்னலுக்காகத்தான் சொல்கிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த 72.2 என்ற எண்தான். 2.4 ஜிகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், நான்காம் தலைமுறை வைஃபை ஒரே ஓடையில், அதாவது ஒரே ஆன்டெனா வழியாக, தரக்கூடிய உச்ச வேகம் அது. இரண்டு ஆன்டெனாவும் சேர்ந்து வேலை செய்தால் அது 144.4 வரை போகும். உன் ரவுட்டரிலும் மடிக்கணினியிலும் இரண்டிரண்டு ஆன்டெனா இருக்கும்போது வேகம் சரியாகப் பாதியில் வந்து நிற்கிறதென்றால், ஒன்று கைவிட்டிருக்கிறது என்றே சந்தேகப்படுகிறேன். சென்ற முறை கீல் உடைந்து திரையைக் கழற்றி மாட்டினார்களே, அப்போது நடந்திருக்கலாம். ஆன்டெனாக்கள் பெரும்பாலும் திரையின் சட்டத்துக்குள் இருக்கும். அவற்றிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி வைஃபை அட்டைக்கு வரும். கம்பியின் நுனியில் பட்டாணியைவிடச் சிறிய உலோக வளையம் ஒன்று உண்டு, அதை அட்டையின் மேலுள்ள குமிழில் சட்டைப் பொத்தான் போல அழுத்தினால் 'டிக்' என்று உட்கார வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்தாலும் பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். திறந்து பார்க்கும் முன் ஒரு சோதனை: ரவுட்டரின் பக்கத்திலேயே மடிக்கணினியை வைத்துப் பார், அங்கும் அதே 72.2-ஐத் தாண்டவில்லை என்றால் என் சந்தேகம் பெரும்பாலும் சரிதான். திறப்பதற்கு முன் அணைத்துவிட்டு சார்ஜரைக் கழற்றிவிடு, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடு. பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே அக்காவின் கணினியைப் பிரித்துப் பூட்டி, ஒரு திருகுகூட மிச்சம் வைக்காதவன் நீ. அக்கா இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் இடது பக்கத்தில் எப்போதும் செருகியிருக்கும் அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்று. யூஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கம்பிகளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இரைச்சலைக் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆபீஸில் இதை நம்பாமல் ரவுட்டரை மாற்றச் சொல்லி வாதாடியவர்கள் உண்டு, டிஸ்க்கைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் வாயை மூடினார்கள். வேலைக்கு அது வேண்டும் என்றால் நீளமான கம்பியில் தள்ளி வை.

இவ்வளவும் ஒரு பக்கம் இருக்க, 72 மெகாபிட்டில் கையில் பாதி வந்தாலும் வீடியோ கால் தாராளமாக ஓடும், அதற்கு நாலைந்து மெகாபிட் இருந்தால் போதும். அதனால் வேகம் எவ்வளவு என்பதோடு, பொட்டலங்கள் (தகவல் துண்டுகள்) போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது, அந்த நேரம் சீராக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட் சன்னல்கள் இரண்டைத் திற. ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) மற்றதில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கும் பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட விடு. ரவுட்டருக்கான எண் ஒற்றை இலக்க மில்லி செகண்டில் இருக்க வேண்டும். அது திடீர் திடீரென்று 200, 300 என்று துள்ளினால் கோளாறு உன் அறைக்குள்ளேயே, காற்றில் இருக்கிறது. ரவுட்டர் எண் அமைதியாக இருக்க, மற்றது மட்டும் துள்ளினால் வெளி இணைப்பைப் பார்க்க வேண்டும், அல்லது ஏதோ ஒரு செயலி பின்னணியில் கோப்புகளை மேலேற்றி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் பத்தியைப் பார்த்தால் அது எது என்று தெரியும். இணைப்பை வேறு இடம் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் இருந்தால் அணைத்துவிட்டு ஒருமுறை பார். பேட்டரியில் ஓடும்போது மட்டும் மந்தம் என்றால் வைஃபை அட்டையின் மின்சிக்கன அமைப்பை மாற்று. அந்த அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரை மடிக்கணினி தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே எடுத்துப் போடு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற மறக்காதே.

இனி அந்த அறிக்கை. அது கடைசி 3 நாட்களின் கதையைச் சொல்லும்: எப்போது இணைந்தது, எப்போது துண்டித்தது, என்ன காரணத்தால் என்று வரிசையாக இருக்கும். மாலை நேரங்களில் இணைப்பு விட்டுவிட்டு வந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், அப்போதுதான் சுற்றிலும் நெரிசல் அதிகம். ஆனால் அறிக்கையின் வரைபடத்தில் மாலை முழுவதும் இணைப்புக் கோடு அறுபடாமல் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாம் பேசிக்கொண்டிருந்தபோதும் அறுபடவில்லை. இதை வைத்து உன்னை நான் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் இணைப்பு இருந்ததா இல்லையா என்று காட்டுகிற அந்தக் கோடு எவ்வளவு மெதுவாக இருந்தது என்று காட்டுவதில்லை. அது எனக்குத் தெரியும்.

நான் பார்த்தது இன்னொன்று. அந்த 3 இரவுகளிலும் உன் இணைப்பு அதிகாலை 4 மணியைத் தாண்டி ஓடியிருக்கிறது. மூடி வைத்திருந்தால் மடிக்கணினி உறக்கத்துக்குப் போன குறிப்பு இருந்திருக்கும்; 4 மணிக்குப் பிறகுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் ஓய்ந்திருக்கும், நெரிசல் என்று சொல்ல வழியில்லை. வேலை அதிகம் என்றால் சரி. சித்தப்பாவிடம் நீ சொன்ன விஷயத்தை அவர் எங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை, நாங்களும் தோண்டிக் கேட்கவில்லை. அப்பா கேட்டால் இந்த அறிக்கையில் சேனல் நெரிசல் என்று மட்டும்தான் சொல்வேன். ஆனால் 4 மணிக்கு மேல் படுக்கிறவன் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், எப்போது சாப்பிடுகிறான் என்பதைச் சொல்ல எந்தக் கட்டளையும் இல்லை, அதை நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காட்சி இல்லாமல் குரல் மட்டும் போவதற்கு 100 கிலோபிட் இருந்தால் போதும். உன் 72.2-ல் அது எழுநூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஆன்டெனா கழன்றிருந்தாலும், ஹார்ட் டிஸ்க் இரைந்தாலும், கதவு சாத்தியிருந்தாலும் அது போய்ச் சேரும். முகத்தைக் காட்ட விருப்பமில்லாத நாட்களில் கேமராவை அணைத்துவிட்டே பேசலாம், நெட்டின் மேல் பழி போட வேண்டியதில்லை, நாங்களும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

ரவுட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்த வேகம், ரவுட்டருக்கான பிங், 8.8.8.8-க்கான பிங் ஆகிய மூன்று எண்களும் எனக்கு வேண்டும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எடு. எழுதி அனுப்பாதே, ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். அழைத்து வாயால் சொல், நான் குறித்துக்கொள்கிறேன். 4 மணியானாலும் பரவாயில்லை, எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா