தரங்கம்பாடி: சனி, ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். பிறந்தநாள்காரி இந்தக் குழுவில் இல்லை. பாசத்தில் யாரும் சேர்த்துவிடாதீர்கள். அவளைப் பொறுத்தவரை நாம் மயிலாடுதுறைக்குக் கல்யாணத்துக்குப் போகிறோம்.

சனி காலை மயிலாடுதுறை ஸ்டேஷனில் இறங்கி, வேனில் தரங்கம்பாடி. சுமார் 30 கி.மீ.தான், வழியில் டீக்கு நிறுத்தச் சொல்லி டிரைவர் உயிரை எடுக்க வேண்டாம்.

மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் கேக். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையை ஒட்டியே உட்காரலாம். காற்று பிய்த்துக்கொண்டு போகும், மெழுகுவத்தி நிற்கவே நிற்காது. கேக் பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து, உள்ளேயே வைத்து ஏற்றுவோம். கிரீம் கேக் என்றால் மணலோடுதான் தின்ன வேண்டும். அதனால் பிளம் கேக் சொல்லியாகிவிட்டது.

ஞாயிறு விடியலில் எழுபவர்கள் மாசிலாமணிநாதர் கோயிலுக்கு வாருங்கள். 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலைத்தடுப்புக் கற்கள் வழுக்கும், பிடிப்பான செருப்பு அவசியம். நீச்சல் தெரியும் என்று யாரும் வீரம் காட்ட வேண்டாம்.

செலவை ஊர் திரும்பிப் பிரித்துக்கொள்வோம். அப்புறம், சைவம் யார் யார் என்று வியாழனுக்குள் சொல்லுங்கள். சொல்லாதவர்களுக்கு மீன் குழம்புதான்.