முறைப்பாட்டுக்குப் பதில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் நினைவுநாளையொட்டிய தங்கள் தலையங்கம், மக்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்கிறது. மக்கள் விழிப்பாகத்தான் இருந்தார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டி முறையிட்டிருந்தனர். 2019 ஏப்ரல் 4இலேயே இந்தியாவின் எச்சரிக்கையும் வந்துவிட்டது. அசையாதிருந்தது அரசு. அந்த அலட்சியத்துக்காகவே 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

கடந்த ஆண்டு எங்களூர் பஸ் தரிப்பிடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பையொன்றைப் பற்றிப் பொலிஸாருக்கு அறிவித்தேன். இரண்டு மணிநேரமாகியும் எவரும் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளை நானே விலக்கியபடி நின்றேன். இப்படியிருந்தால் அடுத்த முறை யார் அறிவிப்பார்கள்? ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் இலக்கமிட்டு, எடுத்த நடவடிக்கையை முறைப்பாட்டாளருக்கு இரண்டு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு